வந்தவரை யாரிடம் கொண்டுபோய் விடுவது?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் தருகிறேன்.

"எங்கள் பகுதியில் சிறுதொழில் நடத்துகிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். இந்த வருஷம் நான் செயலாளர். வருஷத்துக்கு ரெண்டு தடவை ஹோட்டல் ஹாலில் பெரிய சந்திப்பு நடக்கும், 150 பேர் வருவார்கள். பழைய ஆட்கள் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், புதிதாக வந்தவர்கள் சுவரோரம் நின்று போனைப் பார்ப்பார்கள், மேடை முடிந்ததும் எல்லோரும் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். போன தடவை குறிச்சியிலிருந்து ஒரு பையன் வந்திருந்தார், சொந்தமாகப் பவுடர் கோட்டிங் யூனிட், அதாவது உலோகப் பொருளுக்குப் பொடிப் பெயிண்ட் அடித்து ஓவனில் சூடேற்றுகிற யூனிட், வைத்திருக்கிறார். ஒன்றரை மணி நேரம் தனியாகவே நின்றுவிட்டு, 'அக்கா, நான் கெளம்பறனுங்க' என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டார். அந்த முகம் இன்னும் மனசில் நிற்கிறது. ஒரு தடவை, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை மணி அடித்து ஆளை மாற்றி மாற்றிப் பேசவைத்தும் பார்த்தோம், கூச்சல்தான் மிச்சம். எனக்கே புது ஆட்களிடம் போய்ப் பேசக் கூச்சம். அடுத்த சந்திப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?"

வணக்கம்.

அந்தப் பையன் சாப்பிடாமல் கிளம்பியதைக் கவனித்தீர்கள், அதை இத்தனை நாள் மனசில் வைத்தும் இருக்கிறீர்கள். இந்த வேலைக்கு முதலில் வேண்டியது அதுதான், அது உங்களிடம் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் தொழில் சங்கங்களுக்குக் கூட்டம் நடத்திக்கொடுக்கும் வேலையில் எனக்கு 22 வருஷம் ஆகிறது. மேடை அலங்காரம், வீடியோ, நினைவுப் பரிசு எல்லாம் காசு கொடுத்தால் வந்துவிடும். சுவரோரம் நிற்கிற ஆளைக் கவனிக்கிற கண் காசு கொடுத்தாலும் வராது.

முதலில் ஒன்றை விட்டுவிடுங்கள். "எல்லோரும் ஒருத்தரோட ஒருத்தர் நல்லா மிங்கிள் ஆகுங்க" என்று மைக்கில் சொல்வதை. சொன்ன அடுத்த நிமிஷம் என்ன நடக்கிறது என்று பாருங்கள், எல்லோரும் தனக்குத் தெரிந்த ஆளைத் தேடிப் போவார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. 2007-ல் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் இங்க்ராம், மைக்கேல் மாரிஸ் என்ற ரெண்டு பேராசிரியர்கள் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தொழில் நிர்வாகிகள் நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு மாலை விருந்துக்கு அழைத்து, யார் யாரோடு எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதைப் பதிவு செய்யும் மின்னணு பேட்ஜை ஒவ்வொருவருக்கும் மாட்டிவிட்டார்கள். புது ஆட்களைப் பார்க்கத்தான் வருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னவர்கள்தான் அதில் பெரும்பாலோர். அந்த ஹாலில் சராசரியாக ஒருவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் பேசிய நேரத்தில் பாதி அவர்களோடே போயிருக்கிறது. வாய் நிறையப் பேசுகிற நிர்வாகிகளுக்கே அந்தக் கதி என்றால், நாள் முழுக்க லேத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாயங்காலம் உங்கள் ஹாலுக்குள் தயங்கித் தயங்கி நுழைகிற ஒருவரிடம் "போய்ப் பேசுங்க" என்றால் எங்கே போவார்?

நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே யாரும் யாரையும் "மிங்கிள் ஆகுங்க" என்று சொல்வதில்லை. வாசலில் சந்தனம், கற்கண்டு, அதற்குப் பின்னால் ஒரு பெரியப்பாவோ மாமாவோ நிற்பார். "வாங்க வாங்க, எப்ப வந்தீங்க? இவர் நம்ம மாப்பிள்ளையோட ஆபீஸ்ல இருக்காருங்க, உங்க ஊர்ப் பக்கந்தான், பேசிட்டு இருங்க, பந்தி ஆனதும் நானே கூப்பிடறேன்" என்று ஒருவரைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் இன்னொருவர் பக்கத்தில் உட்காரவைப்பார். யாரையும் யாரோடும் சேர்த்துவைக்கிற உரிமை அவருக்கு உண்டு, ஏனென்றால் அவர் வீட்டுக்காரர். விருந்தாளிக்கு அந்த உரிமை கிடையாது, அவர் தானாகப் போய் ஒரு பெரிய கம்பெனிக்காரரிடம் நின்றால் ஆர்டர் கேட்டு வந்ததாகத்தான் ஆகும், அந்த எண்ணமே அவரைச் சுவரோரம் நிறுத்திவிடும். இத்தனை கல்யாணம் நடத்திய நாம்தான் சங்கக் கூட்டம் என்றதும் வரவேற்புக் குழு என்று நாலு பேருக்கு ரோஜாப்பூ கொடுத்து வாசலோடு நிறுத்திவிடுகிறோம். உள்ளே வீட்டுக்காரர் யாரும் இருப்பதில்லை.

ஆக, அறிமுகம் செய்துவைப்பது உங்கள் வேலை, விருந்தாளியின் வேலை இல்லை. அந்த வேலையில் முக்கால் பங்கு ஹாலுக்கு வருவதற்கு முன்பே, போனில் முடிந்துவிட வேண்டும். உங்களுக்குக் கூச்சம் என்கிறீர்களே, அதனால்தான் இது உங்களுக்கு நன்றாக வரும் என்கிறேன்.

மூன்று வாரம் போதும். உங்களையும் சேர்த்து ஆறு பேரைப் பிடியுங்கள். பதவியில் இருப்பவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஆட்களை விசாரிக்கத் தெரிந்தவர்களாக இருந்தால் போதும். 150 பேரை ஆறாகப் பிரித்தால் தலைக்கு 25 போன், ஒரு நாளைக்கு நாலு. ஒவ்வொருவரிடமும் ரெண்டே கேள்வி. "இப்ப தொழில்ல எது மாட்டிக்கிட்டு நிக்குதுங்க?" அப்புறம், "எந்த விஷயம்னா மத்தவங்க உங்ககிட்ட வந்து கேட்கலாம்?" பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கூகுள் ஃபார்ம் அனுப்பிவிடலாமே என்று குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃபார்மில் "ஆல் டைப்ஸ் ஆஃப் ஜாப் வொர்க்" என்று ஒரு வரி வரும், அதை வைத்துக்கொண்டு யாரையும் யாரோடும் சேர்க்க முடியாது. வார்ப்பு உதிரிகளை ஃபவுண்டரி என்கிற வார்ப்பாலையில் வாங்குகிற அதே ஆள் போனில், "கேஸ்டிங் நல்லாத்தான் வருதுங்க, டெலிவரிதான் ஒவ்வொரு மாசமும் இழுக்குது, வேற ஃபவுண்டரி பார்க்கலாம்னு இருக்கேன், யாரைக் கேட்கறதுன்னு தெரியல" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் போன்.

மூன்றாவதாக ஒன்றையும் மெதுவாகக் கேட்டுவிடுங்கள், "யாரையாவது பார்க்க வேண்டாம்னு இருக்குங்களா?" என்று. நான் இதைக் கற்றுக்கொண்டது பட்டபிறகுதான். இந்தத் தொழிலுக்கு வந்த மூன்றாவது வருஷம், ஒரு ஃபவுண்டரிக்காரரையும் ஸ்கிராப் வியாபாரி ஒருவரையும் பெரிய காரியம் செய்கிற சந்தோஷத்தோடு கூட்டிக்கொண்டுபோய் நேருக்கு நேர் நிறுத்திவிட்டேன். ரெண்டு பேருக்கும் நடுவில் ரெண்டு வருஷமாகப் பாக்கித் தகராறு. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, சுற்றி நின்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், அந்த ரெண்டு பேரில் வயசில் பெரியவர் மட்டும் என்னைப் பார்த்து "பரவால்ல, உங்களுக்குத் தெரியாது" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒரே பொருளை ஒரே வாடிக்கையாளருக்கு விற்கிற ரெண்டு பேரைச் சேர்ப்பதிலும் இதே கவனம் வேண்டும். தப்பில்லை, பல சமயம் நல்ல நண்பர்களாகவே ஆகிவிடுவார்கள், ஆனால் முதல் அறிமுகமே அதுவாக இருக்க வேண்டாம்.

போன் எல்லாம் முடிந்ததும் ஆறு பேரும் ஒரு சாயங்காலம் நோட்டோடு உட்காருங்கள். 150 பேருக்கும் ஜோடி தேட வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர்கள், போனில் ஏதோ ஒன்று மாட்டி நிற்பதாகச் சொன்னவர்கள், இவர்களை மட்டும் எடுங்கள், முப்பது முப்பத்தைந்து பேர் தேறுவார்கள். ஒவ்வொருவருக்கும் ரெண்டு பேரைக் குறியுங்கள். ரெண்டு போதும், ஒருவர் வராமல் போனால் இன்னொருவர் இருப்பார். யாருக்கு யார், எதற்காக என்று ஒரே வரி. ஆளுக்கு ஆறு பேரைப் பிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்த ஆறு பேருக்கு நீங்கள்தான் வீட்டுக்காரர், மேடையில் யார் பேசினாலும் பேசாவிட்டாலும் உங்கள் கண் அவர்கள் மேல்தான் இருக்க வேண்டும்.

ஹாலில் இது எப்படி நடக்கும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அவினாசி ரோட்டில் ஒரு ஹோட்டல், சில வருஷத்துக்கு முன்னால். சின்னவேடம்பட்டியில் புதிதாகக் காலிப்ரேஷன் லேப், அதாவது அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று தருகிற லேப், ஆரம்பித்திருந்த ஒரு பெண் வந்திருந்தார், முப்பது வயசு இருக்கும். காபி கவுண்டருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் இருந்த டம்ளரில் காபி ஆறி ஆடை படிந்துவிட்டது, குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை, கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று பிடித்திருந்தார் அவ்வளவுதான். கணபதியில் ஷாஃப்ட் செய்கிற ஒருவர் அதற்கு முந்தின வாரம் போனில், அளவு பார்க்கிற கேஜ் எல்லாம் காலிப்ரேஷனுக்கு அனுப்பினால் திரும்பி வர எட்டு நாள் ஆகிறது, ஆடிட் வருகிற மாசம் தலைவலி என்று சொல்லியிருந்தார். அவர் தன் நண்பர்களோடு ஹாலின் அந்தக் கோடியில் இருந்தார். நான் அந்தப் பெண்ணிடம் போய், "வாங்க, உங்களை ஒருத்தர்கிட்ட விடணும், அவருக்கு உங்க வேலை தேவைப்படுது" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணா, இவங்க சின்னவேடம்பட்டியில காலிப்ரேஷன் லேப் வெச்சிருக்காங்க, என்ஏபிஎல் அங்கீகாரம் வாங்கியாச்சு. நீங்க போன்ல சொன்னீங்களே, கேஜ் போனா வர எட்டு நாள்னு. அதுதான் கூட்டிட்டு வந்தேன்."

அவர் அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்க்கவில்லை, யார் வீட்டுப் பெண் என்று கேட்கவில்லை. "பிளக் கேஜ் பண்ணுவீங்களா?" என்றார் நேராக.

"அங்கீகார ஸ்கோப்ல அதுவும் இருக்குதுங்ணா. மைக்ரோமீட்டர், வெர்னியரும் பண்றோம். காத்தால குடுத்தீங்கன்னா மறுநாள் சாயங்காலம் தந்துருவேன்."

"மறுநாளா?"

அவ்வளவுதான். அந்தப் பெண் டம்ளரைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு ரெண்டு கையாலும் பேச ஆரம்பித்துவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் நின்றேன், அப்புறம் "பேசிட்டு இருங்க, வந்தர்றேன்" என்று நகர்ந்துவிட்டேன். சாப்பாட்டுத் தட்டெல்லாம் எடுத்தபிறகும் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், கூட இன்னும் ரெண்டு பேர் சேர்ந்திருந்தார்கள், அவர்களைச் சேர்த்துவிட்டவர் அந்த ஷாஃப்ட் அண்ணாதான்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த மூன்று வரி அறிமுகம். ஊர், தொழில், எதற்காகச் சேர்த்துவைக்கிறேன் என்ற காரணம். "இவர் மிகச் சிறந்த இளம் தொழில்முனைவோர், துடிப்பானவர்" என்றெல்லாம் ஆரம்பித்திருந்தால் அவர் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பார். புகழ்ச்சிக்குப் பதில் சொல்ல ஒன்றும் இல்லை, கேஜுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பெயரை நான் சொல்லாமல் விட்டதையும் கவனித்திருப்பீர்கள், அது தப்புதான், பெயரும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் சார், அண்ணா, மேடம் என்றே பேச்சு ஓடிவிடும், அரை மணி நேரம் பேசிப் பிரிந்தபிறகு பெயர் தெரியாமல் முழிப்பார்கள், அதற்குமேல் கேட்கவும் கூச்சம்.

அதற்காகத்தான் பேட்ஜ். உங்கள் சங்கத்தில் எப்படியோ தெரியாது, நான் பார்க்கிற பேட்ஜ்களில் முக்கால்வாசி இடத்தைச் சங்கத்தின் சின்னமும் ஸ்பான்சர் பெயரும் எடுத்துக்கொள்ளும், ஆளின் பெயர் எறும்பு சைஸில் இருக்கும். அதுவும் கயிற்றில் தொங்கித் திரும்பிக்கொண்டு வெள்ளை முதுகைக் காட்டும். பெயரை நாலடி தூரத்தில் நின்று படிக்கிற அளவுக்குத் தமிழில் பெரிதாகப் போடுங்கள், பின்பக்கமும் அதையே அச்சடித்துவிட்டால் திரும்பினாலும் கவலையில்லை. கம்பெனி பெயரை "எஸ்விஎஸ் எண்டர்பிரைசஸ்" என்று போட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது, பெயருக்குக் கீழே செய்கிற வேலையைப் போடுங்கள். "பேட்டர்ன் செய்கிறேன்." "மோட்டார் வைண்டிங்." அதற்கும் கீழே ஒரு வரி, போனில் அவர் கேட்டது: "தேடுவது: சின்ன லாட் கியர் கட்டிங்." மாட்டி நிற்பதை எல்லாம் பேட்ஜில் போட முடியாது, அவர் மாற்ற நினைக்கிற ஃபவுண்டரியின் ஆளும் அங்கே நிற்பார் இல்லையா, அதனால் பேட்ஜ் மாட்டப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் வீட்டுக்காரர் வருவதற்கு முன்னாலேயே பாதிப் பேச்சு தொடங்கிவிடும்.

இதை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதையும் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் முன்பின் தெரியாத ரெண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி "எந்த ஊருங்க?" நல்ல கேள்விதான். ஆனால் அது பல சமயம் அங்கே நிற்பதில்லை. ஊர், அதில் எந்தத் தெரு, அங்கே இன்னாரைத் தெரியுமா, அவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று நாலாவது கேள்வியில் சாதிக்கு வந்துவிடும். கேட்கிறவர் பழக்கத்தில் கேட்டிருப்பார், பதில் சொல்ல வேண்டியவர் கூனிக் குறுகிப் போவார், அப்புறம் அந்தச் சங்கத்துப் பக்கமே வரமாட்டார், ஏன் வரவில்லை என்று யாரிடமும் சொல்லவும் மாட்டார். இப்படி நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். பேச ஒரு வேலை விஷயத்தைக் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு அந்தப் பக்கம் போகிற வாய்ப்பு குறைகிறது. போகிறது என்று பார்த்தால் நீங்கள் போய் நடுவில் நில்லுங்கள், "அண்ணா, அவரை அந்தப் பக்கம் ஒருத்தர் தேடறாருங்க" என்று கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அதற்கும் வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு.

பெண் தொழில்முனைவோர் விஷயத்தில் ஒன்று. பெண் ஒருவர் வந்தால் உடனே "அங்க லேடீஸ் எல்லாம் உட்கார்ந்திருக்காங்க, போங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர் ஷீட் மெட்டல் வேலை செய்கிறவர் என்றால் அவருக்கு வேண்டிய ஆள் அந்த மேஜையில் இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? வேலையைப் பார்த்துச் சேருங்கள். நீங்கள் செயலாளராக இருப்பதால் இதை மற்றவர்களைவிடச் சுலபமாகச் செய்யலாம்.

இனி ஹால். நிகழ்ச்சி நிரலை எடுத்து, பேசிப் பழகுகிற நேரத்தை மேடைக்கு முன்னால் போடுங்கள். கடைசியில் போட்டால் அது நடக்காது, ஏழரைக்கு முடிய வேண்டிய மேடை எட்டேமுக்காலுக்கு முடியும், பசி வந்துவிடும், துடியலூர் போகிறவர் கார் சாவியை எடுத்துவிடுவார். ஆறு மணிக்குக் காபி, போண்டா, ஆறேமுக்கால் வரை அறிமுகம், அப்புறம் மேடை. சிறப்பு விருந்தினருக்கு இருபது நிமிஷம், அதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். பொன்னாடையும் நினைவுப் பரிசும் மேடையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடுத்தால் அரை மணி நேரம் அதற்கே சரியாகப் போய்விடும், அந்த அரை மணியில் பத்து அறிமுகம் நடந்திருக்கும்.

காபி நேரத்தில் நாற்காலிகளை ஓரமாகப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் எல்லோரும் போய் உட்கார்ந்துவிடுவார்கள், உட்கார்ந்த ஆளை எழுப்புவது கஷ்டம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் கொஞ்சம் இருக்கட்டும். பாட்டை நிறுத்திவிடுங்கள். மெல்லிசையாகத்தானே போகிறது என்பார்கள், ஆனால் சத்தம் இருக்கிற இடத்தில் மனிதர் தன்னையறியாமலே குரலை உயர்த்துவார், 1911-லேயே லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார், அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். ஒருவர் குரலை உயர்த்தினால் பக்கத்து வட்டம் இன்னும் உயர்த்தும், பத்து நிமிஷத்தில் ஹாலே இரையும், மெதுவாகப் பேசுகிறவர் வாயை மூடிக்கொள்வார். உங்கள் மணி அடிக்கிற விளையாட்டு கூச்சலில் முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எழுபது ஜோடி ஒரே நேரத்தில் ஒரே ஹாலில் பேசினால் வேறென்ன ஆகும்?

பெரிய காரணம் வேறு, ரெண்டு நிமிஷத்தில் பேச அவர்களுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை. யாரோடு யார் என்பதை மணி முடிவு செய்தது. அதே முறை வாங்குகிறவர்கள், செய்துகொடுக்கிறவர்கள் சந்திப்பில் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே பர்ச்சேஸ் ஆட்கள் மேஜையில் சாம்பிள் பீஸும் டிராயிங்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், யார் எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று முதலிலேயே நேரம் குறித்திருக்கும், ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும். பொருள் கையில் இருந்தால் கூச்சம் பறந்துவிடும். உங்கள் கூட்டத்திலும் ஒரு மேஜை போட்டு "உங்கள் வேலையில் ஒரு பீஸ் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிப்பாருங்கள். கோவைக்காரர் கையில் ஒரு கேஸ்டிங்கைக் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டார், பார்த்துவிட்டால் பேசாமல் இருக்கமாட்டார்.

வட்டத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பேச்சில் நாலு பேருக்குமேல் தங்குவதில்லை, ஐந்தாவது ஆள் வந்ததும் பேச்சு ரெண்டாகப் பிரியும், இல்லையென்றால் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள். இங்கிலாந்தில் ராபின் டன்பார் என்பவரும் கூட இருந்தவர்களும் 1995-ல் இதைக் கணக்கெடுத்தே காட்டியிருக்கிறார்கள். அதனால் ஏழெட்டுப் பேராக நிற்கிற பழைய வட்டத்துக்குள் புது ஆளைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், அவர் கேட்டுக்கொண்டு மட்டும் நிற்பார். அந்த வட்டத்திலிருந்து ஒருவரை வெளியே கூட்டி வந்து புது ஆளிடம் விடுங்கள். பழைய ஆட்களிடம் ஒரே ஒரு உதவி கேளுங்கள், வட்டத்தில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி எப்போதும் இருக்கட்டும் என்று. மென்பொருள் மாநாடுகள் நடத்துகிற எரிக் ஹோல்ஷர் என்பவர் இதற்குப் பேக்மேன் விதி என்று பெயர் வைத்திருக்கிறார், பழைய வீடியோ கேமில் வாயைத் திறந்துகொண்டு போகுமே, அந்த வடிவம். தோளோடு தோள் ஒட்டி நிற்கிற வட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் கிட்டே போகத் தோன்றாது.

சாப்பாட்டுக்கு நான் எப்போதும் பந்தி கேட்பேன், முடியாது என்றால்தான் பஃபே. பஃபேயில் தட்டை எடுத்துக்கொண்டு தன் ஆட்களோடு நின்றுவிடலாம். இலையில் உட்கார்ந்துவிட்டால் இருபது நிமிஷம் எழுந்திருக்க முடியாது, இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், அவர்களோடு பேசித்தான் ஆக வேண்டும். அந்த ரெண்டு பேர் யார் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம், "வாங்க, இங்க உட்காருங்க" என்று காட்டுகிற அதிகாரம் பந்தியில் மட்டும்தான் நமக்குக் கிடைக்கிறது. நீங்கள் கேட்டால் கேட்டரிங்காரர் ஒத்துக்கொள்வார், அவருக்குச் சாப்பாடும் வீணாகாது.

குழுவில் ஒரு கேள்வி வரும், இத்தனை மெனக்கெடல் புது ஆட்களுக்காக எதற்கு என்று. அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் பாஸ்டனுக்குப் பக்கத்தில் வேலை மாறியவர்களை விசாரித்து 1973-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அடிக்கடி பார்க்கிற ஆள் மூலம் கிடைத்தது ஆறில் ஒரு பங்குதான், மற்றதெல்லாம் எப்போதாவது பார்க்கிறவர், அபூர்வமாகப் பார்க்கிறவர் மூலம் வந்தது. தினமும் பேசுகிறவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், புது விஷயம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். இருபது வருஷமாக ஒரே வட்டத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் புது ஆள் அதிகம் தேவை, கேட்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 150 பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் "நேற்றைய நிகழ்ச்சி இனிதே நடந்தது" என்று போட்டோ போடுவதோடு விட்டுவிடாதீர்கள். சேர்த்துவைத்த ஒவ்வொரு ஜோடிக்கும் தனியாக ஒரு மெசேஜ், ரெண்டு பேர் நம்பரும் சேர்த்து: "அண்ணா, நேத்து நீங்க ரெண்டு பேரும் கியர் கட்டிங் பத்திப் பேசினீங்க, நம்பர் இதுல இருக்குது." முப்பது மெசேஜ், ஆறு பேர் பிரித்துக்கொண்டால் பத்து நிமிஷ வேலை. விசிட்டிங் கார்டு சட்டையோடு சேர்ந்து துவைத்துப் போய்விடும், மெசேஜ் நிற்கும். ஒரு மாசம் கழித்து ஒரு தடவை, "அது என்னங்க ஆச்சு?" என்று கேளுங்கள். கேட்டு வருகிற பதில்தான் அடுத்த கூட்டத்துக்கான நோட்டு.

உங்கள் கூச்சத்தைப் பற்றி. நான் பார்த்த வரையில் பெரிதாகப் பேசுகிறவர்களைவிடக் கூச்ச சுபாவம் உள்ளவர்கள்தான் இந்த வேலையைச் சுத்தமாகச் செய்கிறார்கள். தன்னைப் பற்றிப் பேசுவதுதான் அவர்களுக்குச் சிரமம், இங்கே ஒரு வார்த்தைகூட உங்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. கையில் லிஸ்ட் இருக்கிறது, சொல்ல மூன்று வரி இருக்கிறது, சொல்லிவிட்டு நகரலாம். முதல் ரெண்டு பேருக்குக் கை நடுங்கும், மூன்றாவது ஆளுக்கு நடுங்காது.

அந்தக் குறிச்சிப் பையனுக்கு நாளைக்கே போன் செய்யுங்கள். காலையில் ஓவன் ஏற்றிக்கொண்டிருப்பார், மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரமாகப் பாருங்கள். "அன்னைக்கு உங்களை யார்கிட்டயும் கூட்டிட்டுப் போகாம விட்டுட்டேன் தம்பி, மனசு கேக்கல" என்று அக்காவாகச் சொல்லிவிட்டு, அந்த ரெண்டு கேள்வியையும் கேளுங்கள். பவுடர் கோட்டிங்கில் சின்ன யூனிட்டுக்கு என்ன கஷ்டம் என்று ஓரளவு எனக்குத் தெரியும், கலர் மாற்றும்போதெல்லாம் பொடி தெளிக்கிற பூத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், அதனால் பத்துப் பெட்டி ஒரு கலர், பதினைந்து பெட்டி இன்னொரு கலர் என்று வருகிற ஆர்டர் கட்டுப்படியாகாது. அவருக்கு வேண்டியது ஒரே கலரில் மாசாமாசம் வேலை கொடுக்கிற ஆள். உங்கள் சங்கத்தில் கன்ட்ரோல் பேனல் பெட்டி செய்கிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள், பேனலுக்குப் பெரும்பாலும் அந்த வெளிர் சாம்பல், கலர் சார்ட்டில் ஆர்ஏஎல் 7035 என்கிற நம்பர்தான் ஓடும். அவர்களில் யாருக்குக் கோட்டிங் வெளியே போகிறது, யாருக்கு லேட்டாகத் திரும்பி வருகிறது என்று அடுத்த போனில் கேட்டு, நோட்டில் அந்தப் பையன் பெயருக்கு நேராக எழுதிக்கொள்ளுங்கள். சந்திப்பு அன்றைக்கு ஆறு மணிக்கு அவர் உள்ளே வரும்போது வாசலில் நீங்களே நில்லுங்கள்.